கோட்டையும் காவலனும்: காசநோய் பற்றிய தமிழெழுத்தில் ஓர் உருவகம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிற் காங்கேசன்துறைக்குக் கிழக்கே அமைந்த மயிலிட்டி, மீன்பிடித் துறைமுகத்தாற் பெயர்பெற்ற ஊர். அவ்வூரிற் காசநோயாளருக்கென ஒரு வைத்தியசாலை இயங்கிவந்தமையும் அது 'சனற்றோரியம்' என வழங்கியமையும் முந்திய தலைமுறையினர் நன்கறிந்தவை. 1990 ஜூனில் மயிலிட்டி மக்கள் இடம்பெயர, ஊர் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கிற்று. வைத்தியசாலையின் பணியும் அங்கே நின்றுபோயிற்று. துறைமுகமும் அதனையொட்டிய காணிகளும் 2017 ஜூலையிலேயே மக்களிடம் மீண்டன. சனற்றோரியம் என்னும் நிறுவனத்தின் அடிப்படை, நோயாளரைக் குடிமனைகளின் நெருக்கத்தினின்றும் பிரித்து, காற்றும் வெயிலும் ஓய்வும் கிடைக்கும் ஓரிடத்தில் நெடுங்காலம் வைத்திருத்தலாகும். நோய்க்கும் ஊருக்கும் இடையே ஒரு மதில் வேண்டும் என்னும் எண்ணம் அதில் உண்டு. இவ்வெண்ணம் செங்கல்லாற் கட்டப்பட்டது மட்டுமன்று, சொல்லாலும் கட்டப்பட்டது. உடம்பு ஒரு கோட்டை, கிருமி முற்றுகையிடும் பகைவன், வெண்குழியங்கள் கோட்டையைக் காக்கும் படைவீரர் என்று தமிழிற் சுகாதாரப் பாடங்களும் மருத்துவக் கட்டுரைகளும் பல்லாண்டுகளாக எழுதிவருகின்றன. அவ்வுருவகம் காசநோயின் இயல்புக்கு எவ்வளவு பொருந்துகின்றது என்பதும், பொருந்தாதவிடத்து அதனால் விளைந்தது யாது என்பதுமே ஈண்டு நோக்கப்படுவன.

உருவகத்தின் பிறப்பை முதலில் நோக்குதல் தகும். மானிப்பாயிலிருந்து தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து 1873இல் நீங்கியவர். அவர் காலத்திலே தமிழாக்கம் பெற்ற மருத்துவ நூல்கள் உடலின் உறுப்புகளுக்கும் இரண சிகிச்சைக்கும் சொற்களை வழங்கின. கிருமிக் கொள்கை வலுப்பெற்றது அதன் பின்னரே. 1882 மார்ச் 24ஆம் நாள் பேர்லினில் றொபேட் கொக் காசநோயின் காரணி ஒரு பற்றீரியம் என அறிவித்தார். அதே ஆண்டின் இறுதியில், இத்தாலியின் மெசினாவில், இலியா மெச்னிக்கொவ் என்னும் உருசிய விலங்கியலாளர் நட்சத்திரமீனின் கண்ணாடி போன்ற குடம்பியினுள் உறோசா முள்ளொன்றைச் செருகிவைத்தார். மறுநாட் காலையில் அலைந்து திரியும் குழியங்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்து நின்றன. அந்நிய பொருளை விழுங்கி உடலைக் காக்கும் குழியங்கள் இவை என்னும் கொள்கை அங்கே உருவாயிற்று. 'தின்குழியம்' என்று தமிழில் இன்று வழங்கும் சொல்லின் மூலமும் அதுவே. அவருடைய முதல் மனைவி லுட்மில்லா 1873இற் காசநோயால் இறந்தவர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் மெச்னிக்கொவ்வுக்கு முன் மருத்துவ உலகம் இதற்கு நேர்மாறான கருத்தையே கொண்டிருந்தது. வெண்குழியங்களினுள் நுண்ணுயிர்கள் காணப்படுவதை நோயியலாளர் முன்னரே கண்டிருந்தனர். அவர்கள் அதற்குக் கூறிய பொருள், அக்குழியங்கள் நுண்ணுயிர்களுக்கு உறைவிடமாகி அவற்றை உடலெங்கும் சுமந்து பரப்புகின்றன என்பதே. 1883இல் மெசினாவுக்கு வந்த முதுபெரும் நோயியலாளர் விர்ச்சோ, இந்நிலையைச் சுட்டிக்காட்டி மெச்னிக்கொவ்வை நிதானமாகச் செல்லுமாறு எச்சரித்தார். மெச்னிக்கொவ் பின்வாங்கவில்லை. 1908இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. காவற்படை என்னும் உருவகம் வெற்றிபெற்றது. தோற்ற கருத்து பாடநூல்களிலிருந்து மறைந்தது. விஞ்ஞானத்தில் தோற்ற கருத்துகள் யாவும் பொய்யானவை அல்ல. சில, காலத்துக்கு முன் அரைகுறையாகச் சொல்லப்பட்ட உண்மைகள்.

இவ்வெற்றியை முதலிற் கேலி செய்தது ஓர் இலக்கியம் என்பது கலைப்பீட மாணவர்க்கு மகிழ்ச்சி தரக்கூடிய செய்தி. பேர்னாட் ஷோவின் 'மருத்துவரின் தர்மசங்கடம்' என்னும் நாடகம் 1906இல் அரங்கேறியது. அதில் வரும் புகழ்மிக்க வைத்தியர் ஒருவர், எந்நோய்க்கும் தின்குழியங்களைத் தூண்டிவிட்டாற் போதுமென்று ஒரே பல்லவி பாடுகின்றார். அவர் கையில் ஒப்படைக்கப்படும் இளம் ஓவியனுக்கு உள்ள நோய் காசம். அவன் அச்சிகிச்சையில் இறந்துபோகின்றான். ஷோ உயிரியல் கற்றவரல்லர். அவர் தாக்கியது வைத்தியரின் ஆணவத்தை. எனினும், வீரரைத் தூண்டினால் வெற்றி நிச்சயம் என்னும் சூத்திரம் பொய்க்கும் இடமாக அவர் காசநோயைத் தெரிந்தமை கருதத்தக்கது.

இனி, காசநோயில் உண்மையில் நிகழ்வது யாதென நோக்கலாம். நோயாளி இருமும்போது வெளிப்படும் நுண்துளிகளில் அடங்கிய பற்றீரியா சுவாசப்பையின் அடியிலுள்ள சிற்றறைகளை அடைகின்றது. அங்கு அதனை எதிர்கொள்வது பெருந்தின்குழியம்: மெச்னிக்கொவ் போற்றிய காவலரின் நேர் வாரிசு. அது பற்றீரியாவை விழுங்கி ஒரு சிறுபையினுள் அடக்குகின்றது. வழக்கமாக அப்பை, செரிக்கும் நொதியங்களும் அமிலமும் நிறைந்த இலைசோசோமுடன் இணைய, உள்ளே அகப்பட்டது அழிந்துவிடும். காசநோய்ப் பற்றீரியா இவ்விணைப்பைத் தடுத்துவிடுகின்றது என்பது 1971இல் இலத்திரன் நுணுக்குக்காட்டியினால் அறியப்பட்டது. ஆகவே சிறைக்கூடமாக வேண்டிய பை குடியிருப்பாகின்றது. இருபது மணித்தியாலத்துக்கு ஒருமுறையளவில் மெல்லப் பிரிந்து பெருகும் இவ்வுயிரி அவசரப்படுவதில்லை.

பின்னர் அக்குழியம் இறக்கின்றது. இறந்ததைத் துப்புரவு செய்யப் புதிய பெருந்தின்குழியங்கள் வருகின்றன. இறந்த குழியத்தோடு அதனுள் இருந்த பற்றீரியாவையும் விழுங்குகின்றன. இவ்வாறு ஒன்றன்மேலொன்றாகத் திரண்ட குழியங்களின் முடிச்சினையே மருத்துவர் கிரனுலோமா என்பர். நெடுங்காலம் இது நோயைச் சுற்றி உடல் எழுப்பும் மதிலென்றே கருதப்பட்டது. கோட்டைக்குள் இன்னொரு கோட்டை! 2009இல் இக்கருத்துக்கு ஒரு பெரிய அதிர்ச்சி கிடைத்தது. லலிதா இராமகிருஷ்ணனும் அவருடன் பணியாற்றிய டேவிசும், உடல் ஊடுருவித் தெரியும் வரிக்குதிரைமீன் குஞ்சுகளில், மீன்களுக்குக் காசம் விளைக்கும் உறவினப் பற்றீரியாவைச் செலுத்தி, நிகழ்வதை உயிருள்ள உடலிலேயே கண்காணித்தனர். (லலிதா, சிதம்பரத்திற் பிறந்த நோபல் விஞ்ஞானி வெங்கி இராமகிருஷ்ணனின் தங்கை; பரோடாவில் மருத்துவம் பயின்றவர். அம்மீன் பற்றீரியா மனிதரையும் தொடுவதுண்டு. மீனைக் கையாள்வோரின் கைகளில் ஆறாத புண்ணாக அது தோன்றும்.) அவர்கள் கண்டது மதிலன்று, சந்தை. பற்றீரியாவின் தூண்டுதலால் புதிய குழியங்கள் விரைந்து வந்தன, வந்தவை தொற்றுற்றன. அவற்றுட் சில திரளைவிட்டு வெளியேறி, வேறிடஞ் சென்று, புதிய திரள்களுக்கு வித்திட்டன. நட்சத்திரமீன் குடம்பியின் கண்ணாடி உடலிற் பிறந்த கொள்கைக்கு வேண்டிய திருத்தம், ஒன்றேகால் நூற்றாண்டின் பின் இன்னொரு கண்ணாடி உடலிலிருந்து வந்தது. விர்ச்சோவின் எச்சரிக்கை வீண்போகவில்லை.

மனித உடலிலும் இப்பயணத்தின் சுவடுகள் உண்டு. தொற்றுற்ற குழியங்கள், உடலின் எதிர்ப்பை ஒழுங்குசெய்யும் நிணநீர்க்கணுக்களுக்குப் பற்றீரியாவைச் சுமந்து செல்கின்றன. படையைத் திரட்டும் பாசறைக்கே பகைவன் போய்ச் சேருகின்றான். கழுத்திலுள்ள கணுக்கள் மாலைபோல் வரிசையாக வீங்குவதைத் தமிழ் மருத்துவம் கண்டமாலை என்றது. அவ்வீக்கங்களிற் பெரும்பங்கு காசத்தினால் நேர்பவை. முதுகெலும்பு, சிறுநீரகம், மூளையுறை ஆகியனவும் இவ்வாறு தாக்கப்படலாம். நம்மவர் நெருப்புக்காய்ச்சல் என வழங்கும் நோயின் பற்றீரியாவும் குடலிலிருந்து ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் என்பு மச்சைக்கும் பரவுவதற்குத் தின்குழியங்களைப் பயன்கொள்கின்றது. எனவே காசம் தனித்ததொரு விதிவிலக்கன்று.

இதனை விளக்கப் புகும் எழுத்தாளர் பலர் திறோய் நகரத்து மரக்குதிரையைத் துணைக்கழைப்பர். அவ்வுவமை பாதியே பொருந்தும். மரக்குதிரை பகைவர் செய்தது. கிரேக்கரின் தொழிற்றிறன் அது. பெருந்தின்குழியமோ நம்முடையது, நம் என்பு மச்சையிலும் கருவிலும் தோன்றி நமக்காகவே உழைப்பது. நமது மரபிலேயே இதற்கு நெருங்கிய கதை ஒன்று இருக்கின்றது. பெரியபுராணத்தில் வரும் மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்லமாட்டாத முத்தநாதன், அடியார் வேடந்தாங்கி, ஏட்டுக்கட்டினுள் ஆயுதத்தை மறைத்துக்கொண்டு திருக்கோவலூர் அரண்மனையினுட் புகுகின்றான். வாயில்தோறும் காவலர் வழிவிடுகின்றனர். அரசனைக் குத்தியபின் அவனைக் கொல்ல வாளோங்குபவன் மெய்க்காவலன் தத்தன். அரசனின் ஆணைப்படி அதே தத்தன், சினந்து சூழ்ந்த ஊராரை விலக்கி, கொலைஞனை ஊறின்றி ஊரெல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விடுகின்றான். காவலே வழித்துணையாகும் இக்காட்சி, திறோயின் கதையில் இல்லை. காசத்தின் கதையில் உண்டு. வேடமும் உண்டு: பற்றீரியாவின் மேற்புறத்திலுள்ள மெழுகுத்தன்மையான கொழுப்புகள், கொல்லும் ஆற்றல் மிக்க குழியங்களை அழைக்கும் அடையாளங்களை மறைத்துவிடுகின்றன என்று இராமகிருஷ்ணனின் ஆய்வுக்குழு 2014இற் காட்டியது.

ஆயினும் இவ்வுவமையையும் ஓரெல்லைக்கு மேற் கொண்டுபோதல் முறையன்று. தத்தன் அறிந்தே செய்தான். குழியத்துக்கு அறிவு இல்லை. முத்தநாதனுக்கு வஞ்சம் இருந்தது. பற்றீரியாவுக்கு வஞ்சமுமில்லை, திட்டமுமில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக மனித உடலிற் பிழைத்தவற்றின் வழித்தோன்றல் அது, அவ்வளவே. மேலும், அப்புராணத்தின் உயிர்நிலை அரசன் வேடத்தின்மேல் வைத்த மாறாப் பத்தியிலுள்ளது. அதனை ஓர் உயிரியற் பாடமாகக் குறுக்கிவிட்டு, புராணமும் விளங்கிற்று, நோயும் விளங்கிற்று என்று மகிழ்வது இரண்டுக்கும் செய்யும் அநீதியாகும்.

உருவகம் பொருந்தாவிட்டால் என்ன, அது வெறும் அலங்காரந்தானே என்று வினவப்படலாம். தொண்டையடைப்பான், ஏற்புவலி போன்றவற்றுக்கான தடுப்பூசியைச் சிறுவர்க்கு விளக்குகையில் அவ்வுருவகத்தாற் கேடு அதிகமில்லை என்பது உண்மையே. காசநோயில் நிலைமை வேறு. கோட்டையுருவகம் நோயை வெளியே நிறுத்துகின்றது. வெளியே நிற்பது உள்ளே வந்துவிட்டால், அதனைக் கொண்டிருப்பவனும் வெளியே நிறுத்தத்தக்கவனாகின்றான். இவ்வகைத் தருக்கம் சனற்றோரியக் கட்டடங்களில் மாத்திரமன்றிக் கலைகளிலும் செயற்பட்டது. இதற்குச் சென்னை நகரம் தந்த இரு சான்றுகளை அடுத்தடுத்து வைத்து நோக்கவேண்டும்.

1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் வேதிமருத்துவ நிலையம், நகரின் ஏழை நோயாளர் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரு கூறாக்கியது. ஒரு கூற்றினர் சனற்றோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் பெற்று ஓராண்டு சிகிச்சை பெற்றனர். மறுகூற்றினர் நெருக்கடி மிகுந்த தம் வீடுகளிலிருந்தே அதே மருந்துகளை உட்கொண்டனர். 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளிவந்த முடிவு, இரு கூற்றாரும் ஏறக்குறைய ஒருபடித்தாகவே குணமடைந்தனர் என்பது. வீட்டிலிருந்து சிகிச்சை பெற்றோரின் குடும்பத்தாருக்கு அதனால் தொற்று மிகுந்ததாகவும் காணப்படவில்லை. மருந்து தொடங்கியபின் மதில் தேவையில்லை என்று உலகுக்குக் காட்டிய ஆய்வு இது. உலகெங்கும் சனற்றோரியங்கள் மூடப்பட்டதில் இதற்குப் பெரும் பங்குண்டு.

ஈராண்டு கழித்து, 1961இல், அதே நகரத்துத் திரைத்தொழில் 'பாலும் பழமும்' என்னும் படத்தை வெளியிட்டது. பீம்சிங் இயக்கிய அப்படம் ஈழத்திலும் பெரிதும் விரும்பிப் பார்க்கப்பட்டது. அதன் நாயகி தாதி. ஆராய்ச்சி செய்யும் வைத்தியர் ஒருவரின் மனைவி. தனக்குக் காசம் கண்டதும், கணவனின் பணிக்குத் தான் தடையாகக் கூடாதென வீட்டைவிட்டு வெளியேறுகின்றாள். பார்வையாளர் கண்ணீர் வடிக்கின்றனர். அவள் போனது சரியா என்று எவரும் கேட்பதில்லை. வைத்தியரின் வீட்டிலேயே, மருந்தும் அறிவும் கைக்கெட்டும் இடத்திலேயே, நோயாளி தன்னைத்தானே நாடுகடத்திக்கொள்ளுதல் தியாகமாகப் போற்றப்படுகின்றது. நடிப்பும் இசையும் மறக்கவொண்ணாதவை. அதனாலேயே அந்தப் பிழையும் மறக்கவொண்ணாததாயிற்று. ஆய்வேட்டைப் படித்தவர் சிலர். படத்தைப் பார்த்தவர் பல்லாயிரவர். இருமலை மறைத்தல், மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போவதை அயலார் அறியாமற் காத்தல், பெண் பிள்ளைக்கு வந்த நோயைக் கலியாணப் பேச்சு முடியுமட்டும் மூடிவைத்தல் ஆகிய வழக்கங்களுக்குப் படம் ஒன்றையே குற்றஞ்சாட்டுதல் பொருந்தாது. ஆனால் அவ்வழக்கங்களை அது கேள்விக்குள்ளாக்கவில்லை. மறைக்கப்படும் மாதங்களிலேதான் நோய் வீட்டிலுள்ளோருக்குப் பரவுகின்றது.

கோட்டைக்கு முன் தமிழில் இந்நோய்க்கு வேறு படிமங்கள் இருந்தன. என்புருக்கி என்பது நோயாளியின் உள்ளிருந்து பேசும் சொல். சயம் என்பதன் பொருள் தேய்வு. தக்கன் மகளிர் இருபத்தெழுவருள் உரோகிணியிடம் மாத்திரம் அன்பு வைத்த சந்திரன், மாமனின் சாபத்தாற் சயமுற்றுத் தேய்ந்தான். சிவன் முடியில் அடைக்கலம் புகுந்தபின் முற்றாக அழியாமற் தேய்வதும் வளர்வதுமாக நிலைத்தான் என்பது புராணம். பழமையைப் போற்றும் நோக்கில் இது இங்கே சொல்லப்படவில்லை. கிருமியையோ மருந்தையோ அக்கதை அறியாது. ஆனால் அழிக்கப்படாது, வெல்லவும் படாது, அடக்கத்தில் வைக்கப்பட்ட ஒரு நோய் என்னும் கருத்து அதிலுண்டு. கோட்டையுருவகத்துக்கு அதைச் சொல்ல வழியில்லை: பகைவன் வெளியே நிற்பான், அல்லது கோட்டை வீழ்ந்திருக்கும். உலக மக்களில் ஏறக்குறைய நாலிலொரு பங்கினர் இப்பற்றீரியாவின் தொற்றுக்கு ஆளானவர்கள் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. அவர்களுள் வாழ்நாளில் நோயுறுவோர் நூற்றுக்கு ஐந்து முதற் பத்துப் பேரே.

அடக்கம் குலையும் விதமும் படைக்கதைக்கு ஒத்துவருவதில்லை. மூட்டுவாதத்துக்கென உடலின் அழற்சியைத் தணிக்க, ரி.என்.எவ். என்னும் புரதத்தைத் தடுக்கும் மருந்து வழங்கப்பட்டபோது, உறங்கிக் கிடந்த காசம் விழித்தெழுந்தமை 2001இல் அறிக்கையிடப்பட்டது. எனவே கிரனுலோமா வெறுஞ் சந்தை மட்டுமன்று. அது தடுத்தும் வைக்கின்றது. அப்படியாயின் அப்புரதம் மிகுந்தால் நல்லதோ? மீன்குஞ்சுகளில் அது மிகுந்தபோதும் குழியங்கள் மடிந்து பற்றீரியா வெளியிற் பெருகியது. திருக்குறளின் மருந்து அதிகாரம், மிகுதியும் குறைவும் ஆகிய இரண்டுமே நோய்க்கு ஏதுவாம் என்னும் கருத்தோடு தொடங்குவது தமிழ் மாணவர் எவரும் அறிந்தது. வள்ளுவர் கருதியது வாதம் முதலாய மூன்றை. அவருக்கு நவீன உயிரியலை ஏற்றிச் சொல்லுதல் நகைப்புக்கிடமாகும். எனினும், கூடிய வீரமே கூடிய நலம் என்னும் படைத்தருக்கத்தினும் அளவு என்னும் அச்சிந்தனை இவ்விடத்துக்கு நெருங்கியது.

உருவகத்தின் குறை மிகக் கூர்மையாக வெளிப்படும் இடம் மருந்துச்சீட்டு. ஐசோனியசிட், றிபாம்பிசின், பைரசினமைட், எதம்பியுற்றோல் ஆகிய நான்கும் முதல் இரு மாதங்கள். பின்னர் முதலிரண்டும் நான்கு மாதங்கள். சில வாரங்களிலேயே காய்ச்சல் தணிகின்றது, இருமல் குறைகின்றது, உடம்பு தேறுகின்றது. பகைவன் ஓடிவிட்டான் என்று படைக்கதை கேட்டு வளர்ந்த நோயாளி முடிவுசெய்வது இயல்பே. போர் முடிந்தபின் ஆயுதம் ஏந்துவார் யார்? மருந்து இடையில் நிற்க, எஞ்சியவை மீண்டும் பெருகுகின்றன; மருந்துக்கு அடங்காதனவாக அவை மாறவும் கூடும். இன்னும் நான்கு மாதங்கள் ஏன் விழுங்கவேண்டும் என்பதற்கு விடை, பற்றீரியாக்களிற் சில பெருக்கத்தை நிறுத்திக்கொண்டு நமது குழியங்களினுள்ளும் திரள்களின் நடுவிலும் தங்கியிருப்பதிலேயே உள்ளது. பைரசினமைட் அமிலச் சூழலில் வேலைசெய்வதால் அத்தகைய இடங்களை எட்டுகின்றது. றிபாம்பிசின் மெல்ல விழிப்பவற்றை விழிக்குந்தோறும் தாக்குகின்றது. இவ்விரு வாக்கியங்களும் பத்தாம் வகுப்பு மாணவனுக்கு விளங்காதவை அல்ல. படைவீரரின் படத்தை வரைந்துவிட்டு அதன்கீழ் மருந்தை நிறுத்தாதீர் என்று கட்டளை மாத்திரம் எழுதும் பாடம், கட்டளைக்குரிய காரணத்தைத் தன் படத்தினாலேயே மறைத்துவிடுகின்றது.